எல்லையோர ஆஸ்பத்திரியும் எட்டாத மொழியும்

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலை 10 மணி. வெளி நோயாளிகள் வரிசையில் ஒரு விசைத்தறித் தொழிலாளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரிப் பக்கத்துக்காரர், தாய்மொழி தமிழ். கடைத்தெருவில் பேசும் அளவுக்குத் தெலுங்கு வரும். டாக்டராகப் பயிற்சி பெறும் இளைஞர் அவரைப் பார்த்து, "மந்து தாகுதாரா?" என்று கேட்கிறார். தெலுங்கில் 'மந்து' என்றால் மருந்து. அதே சொல்லுக்கு மது என்றும் பொருள் உண்டு. டாக்டர் கேட்டது குடிப்பழக்கம் உண்டா என்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்பதாக நினைத்துக்கொண்ட தொழிலாளி, "ஆமாங்கய்யா, தினம் ரெண்டு வேளை" என்கிறார். சீட்டில் குடிகாரர் என்று எழுதப்படுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். வேலூரிலோ சென்னையிலோ படித்த தமிழ் நர்ஸிடம் ஒரு தெலுங்கு மூதாட்டி, "கள்ளு திருகுதுன்னாயி" என்கிறார். தெலுங்கில் 'கள்ளு' என்றால் கண்கள். கண் சுற்றுகிறது, அதாவது தலை கிறுகிறுக்கிறது என்பது பொருள். தமிழ்க் காதில் அது கள்ளாக விழுந்தால் அந்த அம்மாளின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

இவை கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மருத்துவத்தில் பாதி வேலை கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். கேள்வி தவறினால் நோயின் பெயர் தவறும். நோயின் பெயர் தவறினால் மருந்து தவறும். ஆகவே டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் கொடுக்கப்படும் பயிற்சி, அவர்கள் யாருக்கு வைத்தியம் செய்யப் போகிறார்களோ அந்த மக்களின் மொழிக்கும் பழக்கவழக்கத்துக்கும் பொருந்த வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. ஆந்திரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல, வீட்டுப் பிரச்சினை.

எல்லை நகர்ந்தது, மக்கள் நகரவில்லை

சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. அதற்கு முன் சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அப்பக்கம் போயிற்று. நீண்ட கிளர்ச்சிக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் ஆகியவை ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுபடி பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இத்தனை முறை மாறினாலும் ஜனங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். நகரியில் தறி ஓட்டுகிறவர் வீட்டில் தமிழ் பேசுகிறார். குப்பத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கின்றன. பிழைப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் பின்னால் வந்து குடியேறிய நம்மவர்கள் வேறு.

இந்த வட்டாரத்தில் வைத்தியக் கல்விக்குக் குறைவில்லை என்பதும் உண்மை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி 1960-ல் தொடங்கியது. 1986-ல் என். டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது அடிக்கல் நாட்டப்பட்ட 'ஸ்விம்ஸ்' 1993-ல் செயல்படத் தொடங்கி 1995-ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. அதன் கீழ் பெண்களுக்கென்றே பத்மாவதி மருத்துவக் கல்லூரி 2014-ல் வந்தது. குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும், சித்தூரில் 2016 முதல் அப்போலோ மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் எல்லை தாண்டிச் சித்தூர் சாலையில் ஒரு வளாகம் அமைத்து, ஆஸ்பத்திரியோடு நர்ஸிங் கல்வியும் நடத்துகிறது.

கல்லூரிகள் உள்ளூரில் இருந்தாலும் மாணவர்கள் அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள் அல்லர். நீட் தேர்வு வந்த பிறகு அகில இந்திய ஒதுக்கீட்டில் வடக்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கடற்கரை ஆந்திரத்திலிருந்து வரும் மாணவிக்குத் தாய்மொழி தெலுங்குதான் என்றாலும் சித்தூர்த் தெலுங்கு அவருக்குப் புதிது. தமிழோ முழு அந்நியம். பாடப் புத்தகம் இங்கிலீஷில். அதன் உதாரணங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை. ஆஸ்பத்திரிப் பலகை தெலுங்கில். படுக்கையில் இருப்பவரோ தமிழர். இந்த நான்கையும் இணைக்கும் பொறுப்பு பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது.

ஓர் இரவு சொன்ன பாடம்

வெளிநாட்டில் உருவான வைத்தியப் பயிற்சியை நம் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றும் முயற்சி புதிதல்ல. அதற்குப் பெரிய உதாரணம் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது.

அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகளான ஐடா ஸ்கடரின் கதையைப் பலர் அறிவர். திண்டிவனத்தில் இளம்பெண்ணாக இருந்த அவரிடம் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி கெஞ்சினர். தாம் டாக்டர் அல்ல, தம் தந்தையார்தான் டாக்டர் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவர்களில் யாரும் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று டாக்டராகித் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1909-ல் நர்ஸுகளுக்கான பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. திண்டிவனத்தில் மருந்து இருந்தது, டாக்டரும் இருந்தார். அந்த ஊர் ஏற்றுக்கொள்ளக்கூடிய டாக்டர்தான் இல்லை. ஜனங்களின் வழக்கத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் பல பெண்கள் இறந்திருப்பார்கள். ஐடா பயிற்சிக்கு ஆள் எடுக்கும் முறையையே மாற்றினார். உள்ளூர்ப் பெண்களையே டாக்டர்களாக்கினார். பிரசவ மருத்துவத்தின் பாடம் மாறவில்லை. அதை யார் கற்க வேண்டும் என்பது மாறியது.

யாழ்ப்பாணத்தில் தமிழ் டாக்டர்கள்

இதற்கும் முன்பே, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மற்றோர் அமெரிக்கர் வேறொரு துணிச்சலைக் காட்டினார். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-ல் அங்கு வந்த அவர் மறு வருஷமே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இங்கிலீஷில் தேறியவர்கள் சம்பளம் தேடிச் சர்க்கார் உத்தியோகங்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்தில் தங்குவோர் குறைந்து வருவதையும் அவர் கண்டார். 1860-களில் பயிற்சியையே தமிழுக்கு மாற்றினார். அதற்காக இங்கிலீஷ் நூல்கள் தமிழாக்கப்பட்டன. 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' போன்ற பெயர்களில் அவை வெளிவந்தன. உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்று விவாதிப்பவர்கள், நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே அது நடந்தது என்பதை நினைவில் வைப்பது நலம்.

கிறீன் மொழியை மாற்றியது வெறும் மொழிப்பற்றினால் அல்ல. எந்த மொழியில் படிக்கிறாரோ அந்த மொழி வழங்கும் இடத்தில்தான் டாக்டர் தங்குவார் என்று கணக்குப் போட்டார். இன்று நம் கிராமங்களில் டாக்டர் இல்லை என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆரோக்கியவரம் முதல் சேத்துப்பட்டு வரை

மூன்றாவது உதாரணம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு காசநோய் சானடோரியம் எழுந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் வழங்கிய முறை அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. டாக்டர்களும் நர்ஸுகளும் அந்த முறையிலேயே பயிற்சி பெற்றார்கள். ஆரோக்கியவரம் ஆற்றிய பணி பெரிது. நாட்டின் காசநோய் ஒழிப்புப் பணிக்கே அது ஆட்களைத் தயாரித்துக் கொடுத்தது.

ஆனால் ஐரோப்பியக் குடும்பத்துக்கு ஏற்ற ஏற்பாடு நம்மவருக்கு ஏற்குமா? சம்பாதிக்கிறவர் மாதக்கணக்கில் மலைக்காற்றில் படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? எல்லா நோயாளிகளுக்கும் படுக்கை போட நாட்டில் இடம்தான் ஏது?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி. நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரு வருஷம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கடியான வீட்டில், எளிய சாப்பாட்டுடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை.

அதன் பிறகு காசநோய்ப் பணியாளரின் வேலையே மாறிப்போயிற்று. படுக்கையைக் கவனிப்பதை விட, வீடு தேடிச் சென்று மருந்து விழுங்கப்படுகிறதா என்று பார்ப்பதும், பாதியில் நிறுத்துகிறவரிடம் பக்குவமாகப் பேசுவதும் முக்கியமாயின. பிற நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. மேல்நாட்டு முறையை நாம் திருத்தினோம். திருத்திய முறையை மேல்நாடே ஏற்றது. மற்ற நாட்டிலிருந்து வரும் பயிற்சியை அப்படியே விழுங்குவதும் சரியல்ல, அப்படியே தள்ளுவதும் சரியல்ல, சோதித்துப் பார்த்து மாற்றுவதுதான் அறிவுடைமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சறுக்கிய இடம்

எல்லா மாற்றங்களும் இப்படி நன்மையாக முடியவில்லை. சுதந்திரத்துக்கு முன்பு நாட்டில் இரண்டு வகை டாக்டர்கள் இருந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை. குறைந்த காலம் படித்து 'எல்.எம்.பி.' என்ற தகுதி பெற்றவர்கள் மற்றொரு வகை. சிற்றூர்களில் பெரும்பாலும் இருந்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள்தான். 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, நாட்டுக்கு ஒரே தரமான 'அடிப்படை டாக்டர்' போதும் என்று சிபாரிசு செய்தது. கமிட்டியிலேயே சிலர் இதற்கு உடன்படவில்லை. ஆயினும் எல்.எம்.பி. மறைந்தது. வேலூரிலும் அப்பயிற்சி போய் 1942-லேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது.

நோக்கம் உயர்வானது. ஏழைக்கு ஒரு டாக்டர், பணக்காரருக்கு ஒரு டாக்டர் என்ற பாகுபாடு கூடாது என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் விளைவு என்ன? பட்டம் பெற்றவர் பட்டணத்தில் தங்கினார். கிராமத்தில் இருந்தவரின் இடம் காலியாயிற்று. பிறகு அந்த இடத்தை நிரப்ப எத்தனையோ திட்டங்கள் வந்தன. 1977-ல் கிராம சுகாதாரப் பணியாளர் திட்டம். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் 'ஆஷா' பணியாளர். 2018-க்குப் பிறகு துணை நிலையங்களில் கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸுகள். ஒரு கதவைச் சாத்திவிட்டு மூன்று ஜன்னல்களைத் திறந்த கதை இது.

இவற்றில் 'ஆஷா' திட்டத்தின் அடிப்படை விதி ஒன்று பாராட்டுக்குரியது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவர். அவர் அந்த ஊரிலேயே வாழும் பெண்ணாக இருக்க வேண்டும். திண்டிவனத்து அந்த ஓர் இரவின் பாடம் இந்த விதியில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்ணுக்குத்தான் எந்த வீட்டில் மாமியார் பேச்சு எடுபடும், எந்த வீட்டில் கணவர் சம்மதிக்க வேண்டும், எந்தப் பெண் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள் என்பதெல்லாம் தெரியும். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. இரத்தச்சோகையின் ஆபத்தைப் பற்றிய புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் பயன் இல்லை. சோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆக, ஒரு வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்வதும் புரியாமல் போவதும் சில சமயம் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

புத்தூர் கட்டு என்ன சொல்கிறது?

நம் வட்டாரத்தில் இருந்துகொண்டு புத்தூர் கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது தென்னாடு முழுவதும் பிரசித்தம். சென்னையில் தெருவுக்குத் தெரு அந்தப் பெயரில் பலகை தொங்குவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். திருப்பதியிலேயே தேவஸ்தானம் 1985-ல் தொடங்கிய 'பர்ட்' எலும்பு வைத்திய ஆஸ்பத்திரி இருக்கும்போது ஜனங்கள் ஏன் புத்தூருக்குப் போகிறார்கள்?

செலவு குறைவு என்பது ஒரு காரணம். கத்தி வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இன்னொன்று. கட்டுப் போடுகிறவர் கைவைத்துத் தடவி, நோயாளியின் பேச்சில் பேசி, எத்தனை நாளில் நடக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்கிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விஷயத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதே சமயம் எல்லா முறிவுக்கும் கட்டு போதாது என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ, கட்டுக்குக் கீழே விரல் மரத்துக் குளிர்ந்து நிறம் மாறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்தக் கட்டானாலும் அளவுக்கு மீறி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவயவத்தையே இழக்க நேரிடும். பரம்பரை வைத்தியரை விரட்டுவதால் இந்த ஆபத்து நீங்காது. ஆபத்துக் குறிகளை அவருக்குக் கற்பித்து, உடனே அனுப்பி வைக்கப் பழக்கினால் நீங்கும்.

முன்பு மருத்துவச்சிகளுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள். சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள் என்று ஐந்து சுத்தங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறக்க முடியாதபடி அமைந்தது. கிருமி சாஸ்திரம் முழுவதும் அந்த ஐந்து விரலுக்குள் அடங்கிவிட்டது. பாடத்தை மாற்றி அமைப்பது என்றால் பாடத்தைக் குறைப்பது அல்ல என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

மாறக்கூடாதது, மாற வேண்டியது

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஊருக்கு ஊர் பயிற்சியை மாற்றிக்கொண்டே போனால் தரம் என்ன ஆவது? சித்தூரில் படித்த டாக்டர் டில்லியில் வேலை செய்ய வேண்டாமா? நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. மருந்தின் அளவு நகரியிலும் நியூயார்க்கிலும் ஒன்றுதான். கை கழுவும் முறை ஒன்றுதான். இருதயம் எல்லோருக்கும் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. இவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம்.

மாற வேண்டியவை வேறு. நோயைக் கேட்டறியும் சொற்கள், கேட்கும் விதம், உணவு பற்றிய யோசனை, சிகிச்சைக்குச் சம்மதம் பெறும் முறை ஆகியவை அவை. சர்க்கரை வியாதிக்காரருக்கு ரொட்டியையும் ஓட்ஸையும் எழுதிக் கொடுத்தால், காலையில் களி சாப்பிட்டுத் தறிக்குப் போகிறவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் சாப்பிடும் களி எவ்வளவு, அதே களியைத் தெலுங்குக்காரர் 'சங்கட்டி' என்பார், தொட்டுக்கொள்ள என்ன, சோறு எத்தனை வேளை என்று கேட்டு அதற்குள் அளவு சொன்னால்தான் பலன் உண்டு. அமெரிக்கப் புத்தகத்தில் நோயாளி தாமே தீர்மானிக்கிறார். நம் வீடுகளில் அண்ணன் வர வேண்டும், மாமா வர வேண்டும். அதற்காக நோயாளியின் விருப்பத்தைக் கேட்காமல் விடுவதும் தவறு. குறிப்பாகப் பெண் நோயாளியைத் தனியே ஒரு வார்த்தை கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் தானாக வருவதில்லை, கற்பிக்க வேண்டியவை.

அதிகாரிகள் இதை உணராமல் இல்லை. 2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வந்த புதிய பாடத்திட்டம், நோயாளியிடம் பேசும் முறையையும் நடத்தையையும் தனிப் பாடமாகவே சேர்த்தது. தொடக்க வகுப்புகளில் உள்ளூர் மொழிக்கும் இடம் கொடுத்தது. 2022 முதல் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிக் குடும்பங்களோடு பழகவிடும் வழக்கம் வேலூரில் நெடுநாளாக உண்டு. வேலூர்க் கல்லூரி 1977-ல் கே. வி. குப்பத்தில் தொடங்கிய 'ருஹ்சா' அமைப்பும் கிராமத்தையே வகுப்பறையாகக் கொண்டது. வழி தெரியும், நடப்பதுதான் பாக்கி.

'உள்ளூர் மொழி' என்றால் எது?

இங்கேதான் எல்லையோரத் தமிழரின் சங்கடம் வருகிறது. ஆந்திரக் கல்லூரியில் உள்ளூர் மொழி என்றால் தெலுங்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாநிலத்தின் ஆட்சிமொழி அதுவாகையால் குறை சொல்ல முடியாது. ஆனால் நகரியின் ஒரு தெருவிலும் குப்பத்தின் ஒரு பேட்டையிலும் உள்ளூர் மொழி தமிழ். தத்தெடுக்கப்படும் குடும்பம் தமிழ்க் குடும்பமாக இருந்தால் மாணவர் என்ன செய்வார்?

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வேலூர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. கல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருவதால் விடுதிக்காரரும் மருந்துக்கடைக்காரரும் வங்காளி பேசக் கற்றார்கள். நம் நர்ஸுப் பெண்கள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதென்றால் ஜெர்மன் மொழித் தேர்வில் குறிப்பிட்ட நிலை தேறியாக வேண்டும். பிரிட்டனுக்கு என்றால் இங்கிலீஷ் தேர்வு. ஜெர்மன் பாட்டியின் முனகல் நர்ஸுக்குப் புரிய வேண்டும் என்று அந்த நாடு சட்டம் போடுகிறது. நகரிப் பாட்டியின் முனகல் புரிய வேண்டும் என்று நாம் ஏன் கேட்கக் கூடாது? காசு கொடுப்பவரின் மொழியை எல்லோரும் கற்கிறார்கள். காசில்லாதவரின் மொழியைக் கற்கத்தான் திட்டம் வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை

பெரிய செலவு தேவையில்லை. முதலாவதாக, மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் உள்ள பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடலாம் என்று மத்திய சர்க்கார் 1956-லேயே வகுத்த வழிமுறை இருக்கிறது. ஆஸ்பத்திரி அறிவிப்பைவிட முக்கியமான அறிவிப்பு வேறென்ன? மருந்துச் சீட்டில் காலை, மாலை, சாப்பாட்டுக்கு முன், பின் என்பதையாவது தமிழிலும் அச்சிடலாம்.

இரண்டாவதாக, எல்லையோரக் கல்லூரிகளில் தெலுங்கோடு தமிழில் ஒரு நூறு சொற்களைக் கற்பிக்கலாம். தலைசுற்றல், நெஞ்சு கரித்தல், மூச்சு வாங்குதல், வெள்ளைபடுதல், வாய்வு, அசதி போன்றவை போதும். 'மந்து', 'கள்ளு' போன்ற ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப்பட்டியல் வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் ஆஷா பணியாளராகவும் உதவி நர்ஸாகவும் இரு மொழியும் அறிந்த பெண்களுக்கு முன்னுரிமை தரலாம். நான்காவதாக, எல்லையின் இரு பக்கத்துக் கல்லூரிகளும் மாணவர்களைச் சில வாரங்கள் மாற்றிக்கொள்ளலாம். வேலூருக்கும் சென்னைக்கும் வரும் தெலுங்கு நோயாளிகள் கொஞ்சமல்ல. இதே உரிமை அவர்களுக்கும் உண்டு. திருத்தணியில் தெலுங்கு பேசும் தாய்க்கு நாம் கேட்காததை நகரித் தமிழ்த் தாய்க்குக் கேட்பது நியாயமாகாது.

நம் பங்கும் இருக்கிறது. இந்த மாநிலத்தில் வாழும் நாம் தெலுங்கை நன்றாகக் கற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. நம் பெண்கள் நர்ஸிங் படிக்க முன்வந்தால் இரு மொழி தெரிந்தவர்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய தகுதி. டாக்டர் சொன்னது புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராமல், "இன்னொரு தடவை சொல்லுங்கய்யா" என்று கேட்கும் தைரியமும் வேண்டும். கூட வருகிறவர் மொழிபெயர்க்கும்போது வெட்கத்துக்காக எதையும் விழுங்கிவிடக் கூடாது.

ஐடா ஸ்கடர் ஆள் எடுக்கும் முறையை மாற்றினார். கிறீன் மொழியை மாற்றினார். சேத்துப்பட்டில் வைத்தியம் நடக்கும் இடத்தை மாற்றினார்கள். மூன்றும் நடந்தது நம் தமிழ் மக்களின் நடுவே. அவர்களுக்கு இல்லாத வசதிகள் எல்லாம் இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ளன. அடுத்த வருஷம் கல்லூரிகள் திறந்து புதிய மாணவர்கள் முதல் வகுப்பில் அமரும்போது, வாசலில் நிற்கும் விசைத்தறித் தொழிலாளி எந்த மொழியில் வலியைச் சொல்வார் என்று ஒரு பேராசிரியராவது கேட்டால் அது நல்ல தொடக்கமாக இருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்கள் என்று நம்புவோம்.